எழுப்பத் தயங்காத குழு

வருகிற நவம்பரில், ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து கரீபியக் கடலிலுள்ள செயின்ட் லூசியாத் தீவுக்கு, ஏறத்தாழ 2,700 கடல் மைல் தொலைவைப் பாய்மரப் படகில் கடக்க இருக்கும் ஐந்து சிங்கப்பூரர்களில் நானும் ஒருவன். அட்லாண்டிக் பெருங்கடலைப் பல படகுகள் சேர்ந்து கடக்கும் இந்தப் பேரணிக்கு அட்லாண்டிக் ரேலி ஃபார் க்ரூசர்ஸ், சுருக்கமாக ஏஆர்சி, என்று பெயர். இதை 1986இல் ஜிம்மி கார்னெல் தொடங்கினார். முதல் ஆண்டிலேயே 200க்கும் மேற்பட்ட படகுகள் பார்படோஸை நோக்கிப் புறப்பட்டன. 1990 முதல் செயின்ட் லூசியாவின் ராட்னி பே முடிவிடமாக இருந்துவருகிறது. எங்களுடையதைப் போன்ற படகுகளுக்கு மூன்று வாரங்களை ஒட்டிய பயணம் இது. எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டாலும், சில நாள்களுக்குள் ஒவ்வொரு படகும் தன் வேகத்துக்கும் தனக்குக் கிடைக்கும் காற்றுக்கும் ஏற்பப் பிரிந்துபோய், அடிவானம் வரை வேறொரு பாயும் தெரியாத நிலைக்கு வந்துவிடும். பேரணி தரும் துணையில் பெரும்பகுதி கரையில் கிடைப்பதுதான்: புறப்படுமுன் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வாளர்கள், வானிலை பற்றிய விளக்கக் கூட்டங்கள், பக்கத்துப் படகில் கிடைக்கும் உதிரிப்பாகம். அதன் பிறகு ஐந்து பேர், அவ்வளவே.

படகைத் தயார்செய்வது குறித்து நிறையப் பட்டியல்கள் கிடைக்கின்றன. நல்ல பட்டியல்களை நாங்களும் பின்பற்றுகிறோம். எனினும் இந்த வேலையில் நீண்ட காலம் மூழ்கியிருந்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று உண்டு. பெருங்கடலைக் கடக்கும் படகு, அதன் தலைவரான ஸ்கிப்பர் தூங்கும்போதும், காய்ச்சலில் கிடக்கும்போதும், அவரே கடலில் விழுந்துவிட்ட அந்தக் கொடிய நிமிடத்திலும் சரியாக ஓட வேண்டும். அந்த நிலையை அடைவதுதான் தயாரிப்பின் மையமான வேலை. பணம் கொடுத்து வாங்கக்கூடிய எந்தக் கருவியும் அந்த வேலையை நமக்காக முடித்துத் தருவதில்லை.

எங்கள் ஸ்கிப்பரை நாங்கள் அண்ணன் என்றே அழைக்கிறோம். அவர் எனக்கு உடன்பிறந்தவர் அல்லர். துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு மேலாளராக இருந்து, வேலை கற்றுக்கொடுத்து, பின்னர் ஓய்வுபெற்றவர். அவரும் அண்ணியும் சேமிப்பைக் கொண்டு மத்தியதரைக் கடலில் 13 மீட்டர் நீளமுள்ள, முன்னர் ஒருவர் பயன்படுத்திய படகொன்றை வாங்கினார்கள். அது இப்போது லாஸ் பால்மாஸில் நிற்கிறது. அவர்கள் இருவரையும் என்னையும் தவிர, பல்லாண்டுகள் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணியாற்றிய அக்கா ஒருவரும், அண்ணியின் அக்கா மகளும் குழுவில் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. பள்ளிப் பருவத்திலிருந்தே சாங்கிக் கடலில் சிறு படகுகளை ஓட்டிப் பழகியவள். அண்ணனைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவள். பாயைக் காற்றுக்கேற்பத் திருத்துவதில் எங்கள் எல்லாரையும் விடத் தேர்ந்தவள் அவள்தான்.

ஐவரும் தமிழ் பேசுபவர்கள் என்பது பெரும் வசதி. அலுத்துப்போன இரவிலும் சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்படாது. ஆனால் அந்த வசதியோடு சேர்ந்து ஓர் ஆபத்தும் படகில் ஏறிவிடுகிறது. பெரியவர்கள் தூங்கும்போது சத்தம் போடாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மூத்தவர் சொன்னதில் ஐயம் எழுந்தால் அதை நேருக்கு நேர் சொல்லாமல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதை மரியாதை என்று பழகியவர்கள். வீட்டில் அது நல்ல பண்பு. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நள்ளிரவில் தனியாகக் காவலில் இருக்கும் இளையவள் ஒருத்தி, காற்று ஏறுவதை உணர்ந்தும், பாவம் சித்தப்பா இப்போதுதான் படுத்தார், இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று நினைப்பாளாயின், அந்தப் பத்து நிமிடத்தில் பாய்மரமே போய்விடக்கூடும்.

இதை அண்ணன் முதலிலேயே புரிந்துகொண்டிருந்தார். வடகிழக்குப் பருவக்காற்று தணியத் தொடங்கும் மார்ச் மாதத்தில், நண்பர் ஒருவரின் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சாங்கியிலிருந்து மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போனோம். ஏறத்தாழ 100 கடல் மைல். இரவு முழுவதும் ஓட வேண்டிய தொலைவு. 1851 முதல் ஒளிவீசிவரும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் பின்னால் போன பிறகு, அவர் எங்களைக் கூப்பிட்டு ஒரு விதி சொன்னார்: காவலில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் முறையில் ஒருதடவையேனும் அவரை எழுப்பியே ஆக வேண்டும், காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தமக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டார். எழுப்பியவுடன் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொற்கள் "சரி, வருகிறேன்" என்பதாகவே இருக்கும்; என்ன ஏது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். அந்த இரவில் அக்கா அவரை எழுப்பியபோது குரலே எழவில்லை. இளையவள் அவரது கால் விரலைத் தொட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். திரும்பி வரும் பயணத்தில் இருவரும் இறங்குபடியில் நின்று உரக்கப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அண்ணன் ஒருமுறையும் சலித்துக்கொள்ளவில்லை. எழுப்பப்படுபவர் சலித்துக்கொள்ளும் ஒரே ஒரு பெருமூச்சு, அடுத்த முறை எழுப்ப வேண்டியவரைத் தயங்கவைத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பழக்கத்தைத்தான் இப்போது எழுத்து வடிவில் நிலை ஆணையாக வைத்திருக்கிறோம். இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை நால்வர், ஆளுக்கு மூன்று மணி நேரம் காவல் இருப்போம். அண்ணன் முறையில் சேராமல், எந்நேரமும் எழுப்பப்படக்கூடியவராக இருப்பார். ஏதேனும் ஒரு கப்பல் இரண்டு கடல் மைலுக்குள் நெருங்கிக் கடக்கும் என்று, கப்பல்கள் வானொலியில் அனுப்பும் இருப்பிடத்தைத் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவி காட்டினால் எழுப்ப வேண்டும். காற்றின் வேகம் மணிக்கு 20 கடல் மைலைத் தாண்டினாலும், அதன் திசை தெளிவாக மாறினாலும், கரிய மேகத்திரள் ஒன்று ராடாரில் தெரிந்தாலும் எழுப்ப வேண்டும். காரணம் புரியாத எந்த ஓசைக்கும் எழுப்ப வேண்டும். கடைசி ஆணை அண்ணி எழுதியது: எழுப்பலாமா என்ற எண்ணம் மனத்தில் வந்துவிட்டாலே அது எழுப்புவதற்குப் போதிய காரணம்.

சிங்கப்பூர்க் கடல் எங்களுக்கு எதைக் கற்றுத் தந்தது, எதைக் கற்றுத்தர இயலாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கொரு கப்பல் வந்து போகும் துறைமுகம் இது. நீரிணையில் இருபுறமும் வகுக்கப்பட்ட கப்பல் தடங்களைச் செங்குத்தாகக் கடந்து இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போய் வருபவர்களுக்கு, கப்பல்களின் விளக்குகளைப் பார்த்தே அது எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு நெருங்கும் என்று கணிக்கும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. இழுவைப் படகு முன்னே செல்ல, நெடுந்தொலைவு பின்னால் மங்கிய விளக்கோடு வரும் சரக்கு மிதவையை அடையாளம் காணவும், இரண்டுக்கும் நடுவே ஒருபோதும் நுழையாமல் இருக்கவும் இங்கே கற்றுக்கொண்டோம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்குச் சற்று முன்னரோ காலையிலோ மேற்கிலிருந்து பாய்ந்துவரும் சுமத்ரா சூறைக்காற்று, பாயைச் சுருக்கும் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்று சொல்லவைக்கும். அட்லாண்டிக்கில் கிழக்கிலிருந்து சீராக வீசும் வணிகக்காற்றிலும் இரவுகளில் இத்தகைய மழைச் சூறைகள் வரும். அவற்றின் அடியிலுள்ள கரிய விளிம்பை இனங்காணும் கண்ணும், காற்று ஏறுமுன் பாயைக் குறைக்கும் கையும் எங்களுக்கு இங்கேயே வாய்த்துவிட்டன.

கற்றுத்தராதது, பின்னாலிருந்து நாள்கணக்கில் உருண்டுவரும் பேரலை. மலாக்கா நீரிணைக்கும் தென்சீனக் கடலுக்கும் இடையே தீவுகள் சூழ்ந்து கிடக்கும் இந்தக் கடலில் அப்படிப்பட்ட அலை எழ இடமே இல்லை. வணிகக்காற்றில் மேற்கு நோக்கிப் போகும் படகு, காற்றையும் அலையையும் முதுகில் வாங்கிக்கொண்டு, இருபுறமும் இடைவிடாமல் உருண்டபடியே போகும். அந்த நிலையில் சுக்கானைக் கையால் பிடித்து நேராக ஓட்டுவது தனித் திறமை. தவறினால் பாயின் பின்புறம் காற்று புகுந்து, பாயைத் தாங்கும் கீழ்க்கழி ஒரு நொடியில் மறுபக்கம் வீசி அடிக்கும். மண்டையில் பட்டால் உயிரே போய்விடக்கூடும். அதனால்தான் கழியை முன்பக்கம் இழுத்துக் கட்டும் தடுப்புக் கயிறு இன்றிப் பின்காற்றில் ஓடுவதில்லை என்பதை மாறா விதியாக வைத்திருக்கிறோம். தியோமானிலிருந்து திரும்பும்போது வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து வந்ததால், ஓரளவு அலையும் இருந்ததால், தானியங்கிச் சுக்கானை அணைத்துவிட்டு ஒவ்வொருவரும் மணிக்கணக்கில் கையால் ஓட்டினோம். எங்களால் இயன்ற அளவுக்கு அருகிலான ஒத்திகை அது.

தேர்ந்தவர்களின் கண்ணுக்கும் ஆபத்து தப்பிவிடக்கூடும் என்பதற்கு, தொழில்முறை வீரர்களின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2014 நவம்பர் 29 அன்று, வோல்வோ உலகப் பந்தயத்தில் கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கிலுள்ள கார்கடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் முழு வேகத்தில் மோதியது. ஒன்பது பேரும் உயிர் பிழைத்தது பெரும் பேறு. மின்னணு வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அந்தத் திட்டின் அபாயம் புலப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. படகில் இருந்தவர்கள் உலகின் தேர்ந்த கடலோடிகள். எங்கள் வழியில் செயின்ட் லூசியாவின் வடமுனைக்கு அருகிலுள்ள பிஜன் தீவை நெருங்கும் வரை மோதுவதற்குத் திட்டு ஏதும் இல்லை. இருந்தும், ஒவ்வொரு காவலின் தொடக்கத்திலும் அடுத்த 50 கடல் மைலுக்கான வரைபடத்தை இருவர் தனித்தனியே முழுமையாகப் பெரிதாக்கிப் பார்த்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அட்லாண்டிக்கின் நடுவில் இது வீண் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். கரையை நெருங்கும் கடைசி இரவில், மூன்று வார அலுப்போடு இருக்கும்போது, அந்தப் பழக்கம் கையில் தயாராக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஸ்கிப்பரே கடலில் விழுந்தால் என்ன செய்வது என்ற பயிற்சியை அண்ணன் முன்னறிவிப்பு இல்லாமல் நடத்தினார். மிதவைப் பந்து ஒன்றைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு, "அது நான்" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அண்ணி உடனே இளையவளைப் பார்த்து, பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக்கொண்டே இரு என்றார். நான் இடங்காட்டியின் பொத்தானை அழுத்தினேன். அக்கா முன்பாயான ஜிப்பை இழுத்துச் சுருட்டினார். படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்திப் பந்தை எடுப்பது அதன் பிறகு கடினமாக இல்லை. கடினமானது வேறு. மணிக்கு 7 கடல் மைல் வேகத்தில் படகு நிமிடத்துக்கு 200 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. வணிகக்காற்றில் பாயைக் கழிகொண்டு விரித்துக் கட்டியிருக்கும்போது, அதை அவிழ்த்துத் திரும்புவதற்கு ஐந்து நிமிடம் ஆனாலே ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். இரண்டு மீட்டர் அலைகளுக்கிடையே மனிதத் தலை அந்தத் தொலைவில் கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் ஒவ்வோர் உயிர்காப்பு அங்கியிலும், அது உப்பியவுடன் இயங்கி நம் படகின் திரையிலேயே இருப்பிடத்தைக் காட்டும் ஏஐஎஸ் கருவி ஒன்றை வைத்திருக்கிறோம்.

கண்டுபிடித்த பிறகு தூக்குவது அடுத்த சிக்கல். நனைந்த உடையோடு, வலுவிழந்து கிடக்கும் 80 கிலோ மனிதரை, 50 கிலோகூட இல்லாத அண்ணி ஒருவராகவே படகில் ஏற்ற முடியுமா? முடியும் என்பதைச் செய்து பார்த்தே அறிந்தோம். மரத்தின் உச்சியிலிருந்து வரும் உதிரிக் கயிற்றை அங்கியின் தூக்குவளையத்தில் மாட்டி, கயிற்றை இழுக்கும் சுழல் உருளையான வின்ச்சைச் சுற்றினால் ஆள் மேலே வந்துவிடுகிறார். துறையில் கட்டியிருந்த படகின் பக்கத்தில் நான் நீரில் கிடக்க, அண்ணி தனியாகவே என்னை ஏற்றினார். அதற்குப் பிறகு அவர் படகில் நடக்கும் விதமே மாறியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இவ்வளவும் இருந்தாலும், விழாமல் இருப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. தளத்தில் முன்னும் பின்னும் கட்டிய நாடாவில், அங்கியோடு இணைந்த வாரின் கொக்கியை மாட்டிக்கொண்டுதான் இரவில் எவரும் வெளியே வர வேண்டும். அதிலும் நுணுக்கம் இருக்கிறது. 2017 நவம்பரில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், உலகைச் சுற்றும் கிளிப்பர் பந்தயப் படகு ஒன்றிலிருந்து ஒருவர் விழுந்தார். அவர் வாரை மாட்டித்தான் இருந்தார். கொக்கி, கயிறு கட்டும் தளத்துக் குமிழ் ஒன்றின் கீழே சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து, கழன்றுவிட்டது, அவர் உயிரிழந்தார். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு இதை விளக்கிப் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. ஜூலையில் விடுப்பெடுத்து லாஸ் பால்மாஸுக்குப் போயிருந்தபோது, நானும் அண்ணனும் எங்கள் படகின் நாடாக்களை அவிழ்த்து, குமிழ்களின் அருகே செல்லாதவாறு உட்பக்கமாக மாற்றிக் கட்டினோம். கொக்கியை ஒவ்வோர் அடியாக நகர்த்தி, எங்கேனும் சிக்குகிறதா என்று முழு நீளமும் பார்த்தோம்.

அந்த ஜூலை வேலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். என் தொழிலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் வெளியே பளபளவென்றே இருக்கும். அவை முறுக்கி அழுத்தப்பட்ட முனைகளுக்குள், உப்பு நீர் தேங்கும் இடுக்கில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளரும். பட்டறையில் நாங்கள் பற்றவைப்புகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் டை பெனட்ரன்ட் முறையையே இங்கும் பயன்படுத்தினோம். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊற விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சை அடித்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு மெல்ல எழும். இரண்டு முனைகளில் எழுந்தது. கம்பிகள் பத்தாண்டைத் தாண்டியவை என்பதால், அந்த இரண்டை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றச் சொன்னேன். செலவு மிகுதிதான், அண்ணன் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்.

கயிற்றின் தேய்மானம் அதைவிடப் பொல்லாதது. படகு ஆறு விநாடிக்கு ஒருமுறை உருள்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 14,400 முறை ஒவ்வொரு கயிறும் அது தொடும் ஒவ்வொரு விளிம்பிலும் உராய்கிறது. வார இறுதியில் பாத்தாமுக்குப் போய் வரும் படகில் பத்தாண்டு நிலைக்கும் கயிறு இங்கே ஒரு வாரத்தில் அறுந்துபோகும். உராயும் இடங்களில் உறை போட்டோம். பாயை ஏற்றும் கயிற்றை நாள்தோறும் ஒரு சாண் இறக்கியோ ஏற்றியோ, தேயும் இடத்தை மாற்ற வேண்டும். அது காலைக் காவலின் முதல் வேலை. டீசல் தொட்டியைக் காலிசெய்து திறந்து கழுவினோம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் தொட்டியின் அடியில் தேங்கும் நீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடு சேரும்; அமைதியான துறைமுகத்தில் அது அடியிலேயே கிடக்கும், அலையில் கலங்கி எழுந்து வடிகட்டியை அடைத்து எஞ்சினை நிறுத்திவிடும். வடிகட்டியை மாற்றிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற இப்போது ஐவருக்கும் தெரியும். இளையவள் கண்ணைக் கட்டிக்கொண்டே செய்கிறாள்.

சுக்கானைப் பற்றித் தனியாகக் கவலைப்பட்டோம். 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரங்களிலும் ஜிப்ரால்டர் பகுதியிலும் ஓர்க்கா திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைப்பது தொடர்ந்து நடந்துவருகிறது; படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. எங்கள் படகும் அந்த வழியாகத்தான் கனேரித் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு ஒன்றும் நேரவில்லை. இருந்தாலும் நீரிலிருந்து தூக்கிய நிலையில் சுக்கானை ஆட்டிப் பார்த்து, தாங்கிகளைப் புதிதாகப் போட்டோம். சக்கரம் செயலிழந்தால் பயன்படுத்த வேண்டிய அவசரச் சுக்கான் பிடியைப் பொருத்த, பின்னறையின் மெத்தையைத் தூக்கி, ஒரு மூடியைத் திறக்க வேண்டும். அதை இருட்டில், அந்த அறையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே செய்து பார்த்தோம்.

உயிர்காப்புத் தெப்பத்தைப் பற்றி 1979இன் ஃபாஸ்ட்நெட் பந்தயம் சொல்லும் பாடம் எல்லாக் கடலோடிகளுக்கும் தெரிந்ததுதான். 303 படகுகள் புறப்பட்ட அந்தப் பந்தயத்தில் புயலில் 15 பந்தய வீரர்கள் மாண்டார்கள். கைவிடப்பட்ட 24 படகுகளில் 19 பின்னர் மிதந்தபடியே மீட்கப்பட்டன. படகு காலுக்குக் கீழே முழுவதும் அமிழும் வரை அதைவிட்டு இறங்காதே என்பதைத் தெரிந்துவைத்திருப்பது எளிது. குளிரும் பயமும் சேர்ந்த நேரத்தில் அதை நினைவில் கொள்வதற்கு, தெப்பத்துக்குள் இருப்பது எவ்வளவு கொடுமையானது என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே நீச்சல்குளத்தில் நடத்தப்படும் உயிர்காப்புப் பயிற்சிக்குப் போனோம். விளக்கை அணைத்து, குழாயால் நீரைப் பீய்ச்சி, கவிழ்ந்து கிடந்த தெப்பத்தை நிமிர்த்தச் சொன்னார்கள். உப்பிய அங்கியோடு தெப்பத்தின் விளிம்பில் ஏறுவது இளைஞருக்கே கடினம். அக்காவால் தனியாக ஏற இயலவில்லை. முதலில் ஏறிய இருவர் அங்கியின் தோள்வார்களைப் பிடித்து, அவரை ஒருமுறை கீழே அமுக்கி, மேலெழும்போது சேர்த்து இழுத்தால் வந்துவிடுகிறார் என்று கண்டோம். ஆகவே தெப்பத்தில் முதலில் ஏற வேண்டியவர்கள் நானும் இளையவளும் என்று முடிவாயிற்று. முதியவர்களை முதலில் ஏற்றுவதுதான் முறை என்று நினைத்திருந்த இளையவளுக்கு இது பிடிக்கவில்லை. காரணத்தை அக்காவே அவளுக்கு எடுத்துச் சொன்னார்.

உடல்நலத்தைப் பற்றி மறைக்காமல் பேசுவதும் எங்களிடையே இயல்பாக வருவதில்லை. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பது எல்லாரும் அறிந்ததே. எங்கள் ஐவரில் இருவருக்கு அது இருக்கிறது. ஒரு மாலை, ஈசூனில் அக்காவின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கூடி, ஒவ்வொருவரும் தம் மாத்திரைகளை மேசைமீது வைத்து, எது எதற்கு, எப்போது என்று சொன்னோம். அக்கா அதைத் தாளில் எழுதி, படகின் வரைபட மேசையின் மூடிக்குள் ஒட்டுவதற்கு உறையிட்டு வைத்திருக்கிறார். இரவுக் காவலில் இருப்பவருக்கு வியர்த்து, பேச்சு குழறினால், அது தூக்கக் கலக்கமா சர்க்கரை இறங்கியதா என்று பார்த்து உடனே இனிப்புக் கொடுக்க எல்லாருக்கும் தெரிய வேண்டும். தேவைக்கு இருமடங்கு மருந்துகளை இரண்டு தனித்தனிப் பைகளில் கொண்டுபோகிறோம். பல் மருத்துவரிடம் எல்லாரும் போய்வந்தாயிற்று.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரஷர் குக்கர் இரண்டு. மூடி பூட்டிக்கொள்வதால் படகு எவ்வளவு சாய்ந்தாலும் கொதிக்கும் சாம்பார் காலில் கொட்டாது. அரிசியும் பருப்பும் லாஸ் பால்மாஸிலேயே வாங்கிக்கொள்ளலாம். இட்லிப் பொடி, ரசப்பொடி, புளி, சுக்கு ஆகியவற்றைச் சிங்கப்பூரின் தேக்காச் சந்தையிலிருந்து எடுத்துச் செல்கிறோம். பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய்யை விட்டுவிட்டோம். முதல் மூன்று நாளுக்கான சாப்பாட்டைத் துறையிலேயே சமைத்துவைத்துவிட வேண்டும், ஏனெனில் அந்த நாள்களில்தான் குமட்டல் வாட்டும். கரப்பான் முட்டைகள் ஒளிந்துவரும் என்பதால் அட்டைப்பெட்டி எதுவும் படகில் ஏறாது. சமையலிலும் அதே விதிதான்: அண்ணி மட்டும் சமைப்பது என்பது கிடையாது.

2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ஐஎன்எஸ்வி தாரிணி என்ற பாய்மரப் படகில் புறப்பட்டு, இருவராகவே உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிய இந்தியக் கடற்படையின் தில்னாவையும் ரூபாவையும் எங்கள் இளையவள் நாள்தோறும் பின்தொடர்ந்தாள். ரூபா புதுச்சேரிக்காரர் என்பதில் அவளுக்குத் தனி மகிழ்ச்சி. இரண்டே பேர் இருக்கும் படகில் ஒருவருக்குத் தெரியாத வேலை என்று ஒன்று இருக்க முடியாது என்று ஒருநாள் அவள் சொன்னாள். ஐவர் இருக்கும் படகையும் அப்படித்தான் நடத்த வேண்டும் என்று அவள் கேட்டதன் விளைவாக, ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் ஒருவர், அதை முழுவதும் செய்யத் தெரிந்த மாற்றாள் ஒருவர் என்று இப்போது எழுதிவைத்திருக்கிறோம். ஸ்கிப்பருக்கு மாற்றாள் அண்ணி. அண்ணிக்கு மாற்றாள் இளையவள்.

கரையில் இருக்கும் ஆறாமவர் என் தங்கை. ஆபத்து நேரத்தில் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் குரல்கொடுக்கும் ஈபர்ப் கருவியை எங்கள் படகின் பெயரில் பதிவுசெய்தபோது, அவசரத் தொடர்பாளராக அவளது எண்ணைக் கொடுத்திருக்கிறோம். கருவி இயங்கினால், அது உண்மையான ஆபத்தா தற்செயலா என்று அறிய மீட்பு மையத்தார் அவளை அழைப்பார்கள். செயின்ட் லூசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. எங்கள் நள்ளிரவு அவளுக்கு அலுவலகத்தின் நண்பகல். அதனால் வேலை நேரத்திலும் கூட்டங்களிலும் தொலைபேசியை அணைக்காமல் வைத்திருக்க அவள் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாள். படகின் நிறம், நீளம், அழைப்புக் குறியீடு, எங்கள் ஐவரின் வயது, மருந்துகள், தெப்பத்தின் நிறம் ஆகியவை அடங்கிய தாள் அவள் கைப்பையில் இருக்கிறது. பேரணி அமைப்பாளர்கள் படகில் பொருத்தும் இடங்காட்டிக் கருவி சில மணி நேரம் மௌனமானால் பதற வேண்டாம், மின்கலமோ இணைப்போ காரணமாக இருக்கலாம் என்று அவளிடம் சொன்னோம். எவ்வளவு நேரத்துக்குப் பிறகு பதறலாம் என்று கேட்டாள். ஒரு முழு நாள் இடங்காட்டியும் இல்லை, செயற்கைக்கோள் தொலைபேசியிலிருந்து செய்தியும் இல்லை என்றால் பேரணி அலுவலகத்தை அழை, நேரம் பார்க்காதே, அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் அழை என்று அண்ணனே அவளிடம் சொன்னார். அந்த எண்ணைத் தாளின் மேற்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டாள்.